முதலில் ஊரைப் பாருங்கள், அப்புறம் கை கொடுங்கள்

கோத்தகிரியிலிருந்து எங்கள் குழு இலங்கை மலையகத்துக்குப் போய் வந்ததைக் கேள்விப்பட்டு, அதே மாதிரி ஒரு பயணம் போக நினைக்கிறவர்கள் பலர் என்னிடம் விவரம் கேட்கிறார்கள். எந்த வழியாகப் போனீர்கள், எவ்வளவு ஆச்சு, என்ன சேவை செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். எங்கெல்லாம் சுற்றிப் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை. சேவைக்குப் போனவர்களிடம் அதைக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. போகிறவர்களுக்கும் அதே கூச்சம் இருக்கிறது. அருவிக்குப் போனதை மறைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் எடுத்த படங்களை மட்டும் உறவினர்களிடம் காட்டுகிறார்கள்.

இந்தக் கூச்சம் தேவையில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சேவையும் சுற்றுலாவும் சேர்ந்த பயணத்தில் ஊர் பார்ப்பதுதான் முதலில் வரவேண்டும். ஊரைப் பார்க்காமல் வேலையில் இறங்குகிறவர்கள், அந்த ஊருக்குத் தேவைப்படாத வேலையைச் செய்துவிட்டுப் போகிறார்கள். நீலகிரியில் இருக்கிற எங்களுக்கு இது நன்றாகவே தெரியும். எங்களுக்குச் சேவை செய்ய வருகிறவர்களைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், தேவாலயக் குழுக்கள் என்று பல வகையானவர்கள் இங்கே வருகிறார்கள். கொஞ்ச நாள் ஊட்டி, மலை ரயில், முதுமலை. மீதி நாள் சேவை. வருகிறவர்களின் மனசு நல்ல மனசுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் வரும் மாதத்தை முடிவு செய்வது அவர்கள் நாட்டுப் பள்ளி, கல்லூரி விடுமுறை. நம் மண்ணுக்கும் மழைக்கும் அந்த விடுமுறை தெரியாது.

ஒரு முறை டிசம்பர் கடைசியில் ஒரு குழு மரக்கன்றுகளோடு வந்து இறங்கியது. ஊட்டிக்கு மேலே ஒரு புல்வெளிச் சரிவில் நடவேண்டும் என்பது அவர்கள் ஊரிலேயே போட்டுக்கொண்ட திட்டம். அந்த நேரத்தில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும். காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவினதுபோல இருக்கும். இளங்கன்று அதைத் தாங்காது. அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சரிவில் மரமே நடக்கூடாது. எங்கள் மலையின் அமைப்பு அப்படி. மடிப்புகளில் சோலை, மேட்டிலும் சரிவிலும் புல். பெய்கிற மழையைப் பஞ்சு மாதிரி பிடித்துவைத்து வருடம் முழுக்க ஊற்றாக விடுவதில் அந்தப் புல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. மரம் இல்லாத இடமெல்லாம் வெற்று நிலம் என்று நினைத்துத்தான் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே சீகை என்று நாங்கள் சொல்லும் வெளிநாட்டு வாட்டில் மரத்தையும் யூகலிப்டஸையும் நட்டார்கள். அந்தச் சீகையை எப்படி ஒழிப்பது என்று இன்றுவரை போராடிக்கொண்டிருக்கிறோம். உள்ளூர்க்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். நிகழ்ச்சி நிரலில் மாற்றம் செய்ய முடியாது என்று பதில் வந்தது. நட்டார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். பனிக்காலம் முடிவதற்குள் கன்றுகள் கருகிவிட்டன. பிழைத்திருந்தால் இன்னும் கெடுதல்.

அவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. வந்ததும் இரண்டு நாள் அவர்களை யாராவது சும்மா நடக்க அழைத்துப் போயிருந்தால் அந்தக் கன்றுகளை அங்கே நட்டிருக்க மாட்டார்கள். கோத்தகிரிக்குப் பக்கத்திலேயே லாங்வுட் சோலை இருக்கிறது. 2024-இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த காடு அது. சுற்றியுள்ள பல ஊர்களுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. உள்ளே நடந்தால் வெளிச்சம் குறைந்து, காலடியில் இலைமக்கு மெத்தென்று அமுங்கும். சின்னச் சின்ன ஓடைகள் ஓடும். வெளியே வந்து பக்கத்துச் சீகைத் தோப்பில் கால் வைத்தால் தரை காய்ந்து கிடக்கும். இந்த வித்தியாசத்தைக் காலால் உணர்ந்தவர் கன்றைக் கையில் எடுக்கும் முன்னே கேள்வி கேட்பார்.

சீகையை வெட்டும் வேலையிலும் இதே கதைதான். வெட்டுவது பார்க்க நன்றாக இருக்கும், வியர்க்கும், நாள் முடிவில் ஒரு பெரிய குவியல் தெரியும். ஆனால் சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் ஒன்றாயிருந்த இடத்தில் நூறாக முளைக்கும். வெட்டின இடத்துக்கு அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் போய் நாற்றுகளைப் பிடுங்க ஆள் இருந்தால்தான் வெட்டலாம். அந்த ஆள் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க முடியும். அதனால் வெளியிலிருந்து வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, நீங்கள் போன பிறகு இதைப் பார்த்துக்கொள்ளப்போகிறவர் யார், அவரிடம் பேசினீர்களா என்பதுதான்.

நல்ல விதமாக வந்தவர்களும் உண்டு. வயதில் மூத்த சிலர் ஒரு குழுவாக வந்தார்கள். வந்து சில நாள் ஊரைத்தான் சுற்றினார்கள். கன்னேரிமுக்கில் வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களா, கேத்தரின் அருவி, கோடநாடு காட்சிமுனை, லாங்வுட் சோலை, தேயிலை ஏலம் எப்படி நடக்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். அப்புறம் சோலை மரக்கன்று வளர்க்கும் ஒரு நாற்றங்காலுக்குப் போய், அங்கே வேலை செய்யும் பெண்களிடம், "எந்த வேலை முடியாமல் கிடக்கிறது?" என்று கேட்டார்கள். பை நிரப்பும் வேலை என்று பதில் வந்தது. சின்னக் கறுப்புப் பைகளில் சலித்த மண்ணும் மக்கும் கலந்து நிரப்பி அடுக்குவது. ஆயிரக்கணக்கில் வேண்டும், எப்போதும் வேண்டும், யாருக்கும் நேரம் இருக்காது. அங்கே மேற்பார்வை பார்க்கும் அக்கா அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். "கையுறையைக் கழட்டிடுங்கம்மா, கையால அள்ளினாத்தான் கல்லு இருக்கறது தெரியும்" என்றார். நாள் முழுக்க உட்கார்ந்து நிரப்பினார்கள். வெளியூர் ஆட்கள் இந்த மலைக்குச் செய்ததில் மிக உபயோகமான வேலையாக அதைத்தான் நான் நினைக்கிறேன்.

இப்படிக் குழுவாக வெளிநாடு போய் உழைப்பைக் கொடுப்பது புதிய விஷயம் கிடையாது. முதல் உலகப்போர் முடிந்ததும் 1920-இல் பியர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், பிரான்சில் வெர்தூன் போர்க்களத்துக்குப் பக்கத்தில் இடிந்துபோன ஒரு கிராமத்தைத் திருப்பிக் கட்ட ஒரு குழுவைக் கூட்டிப்போனார். அந்தக் குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். நேற்றுவரை எதிரியாக இருந்தவன் வந்து கல் சுமந்தான். 1934 ஜனவரியில் பீகாரில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது அதே செரசோல் சில நண்பர்களோடு இந்தியாவுக்கு வந்தார். வீடு இழந்த மக்களோடு சேர்ந்து வீடு கட்டினார். மண்வெட்டியோடு நிற்க அவர் வெட்கப்படவில்லை என்பதோடு, கூட நின்றவர்களிடம் கற்றுக்கொள்ளவும் தயாராக இருந்தார் என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. தன்னார்வலர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் அமைப்புகளான பிரிட்டனின் வி.எஸ்.ஓ. 1958-லும் அமெரிக்காவின் பீஸ் கோர் 1961-லும் வந்தன. அவர்கள் அனுப்பினவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒரே ஊரில் தங்கினார்கள். பத்து நாளில் பாதி சேவை, பாதி சுற்றுலா என்று பொதி கட்டி விற்பது அதற்குப் பிறகு வளர்ந்த தொழில்.

அந்தத் தொழிலில் ஒரு பகுதியைப் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்லியாக வேண்டும். எந்த நாட்டுக்குப் போனாலும் குழந்தைகள் இல்லத்துக்குச் 'சேவை'யாகப் போகாதீர்கள். கம்போடியாவிலும் நேபாளத்திலும் இதை நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வெளிநாட்டுப் பயணி வருவார், பணம் வரும் என்பதற்காகவே பிள்ளைகளைக் கிராமத்திலிருந்து கூட்டிவந்து வைத்தவர்கள் இருந்தார்கள். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை குழந்தை உரிமைகள் பற்றிய தன் தீர்மானத்திலேயே இந்த மாதிரியான சுற்றுலாவைத் தடுக்கச் சொன்னது. பணமும் ஏமாற்றும் இல்லாத நல்ல இல்லமாகவே இருந்தாலும், வாரத்துக்கு ஒரு புது முகம் வந்து தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டுப் போய்விட்டால் அந்தப் பிள்ளை என்ன ஆகும்? நம் ஊரிலும் பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போட்டுவிட்டு, பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுக்கும் பழக்கம் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பணம் கட்டுங்கள், நிறையக் கட்டுங்கள். படம் வேண்டாம்.

சரி, எங்கள் பயணத்துக்கு வருகிறேன்.

எங்கள் குழுவில் பாதிக்கு மேல் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நீலகிரியில் எங்களைச் சிலோன்காரங்க என்றுதான் இன்னும் சொல்வார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் அங்கே இருந்த இந்திய வம்சாவளியினர் ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் அம்மா எழுபதுகளில் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, மலைக்கு வந்தவர். இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அது 1976-இல் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. ஒரு மலையில் கொழுந்து எடுத்த கை இன்னொரு மலையில் கொழுந்து எடுத்தது.

ஆக, எங்களுக்கு அது வெளிநாடும்தான், அம்மா வீடும்தான். இந்த உறவு இருக்கிறதே, நமக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிடக்கூடாது என்று கிளம்பும் முன்பே பேசிக்கொண்டோம். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்து அதிபரோடு (தலைமை ஆசிரியரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மாதக்கணக்கில் போனில் பேசி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். எங்கள் ஆட்கள் சிலர் பை, புத்தகம், கம்பளி என்று ஒரு பட்டியலே தயாராக வைத்திருந்தார்கள். அதிபர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேர், பையெல்லாம் வந்துகொண்டுதான் இருக்கு. பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி ஒழுங்கா வரல்ல. அதுக்கு ஏதும் செய்யலாமா?" என்றார். தண்ணீர் இல்லாததால் பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கூடம் வருவதில்லை என்பதை அதிபர் எங்களிடம் சொல்லவில்லை. அங்கே போன பிறகு ஒரு ஆசிரியை எங்கள் குழுப் பெண்களிடம் சொன்னார்.

கப்பலில்தான் போகவேண்டும் என்று மூத்தவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். தலைமன்னார்க் கப்பல் எண்பதுகளிலேயே நின்றுபோயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், கொஞ்ச நாளில் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. பருவமழை நேரத்தில் அதை நம்பி நாள் குறிக்கக்கூடாது. காங்கேசன்துறையில் இறங்கி ரயிலில் பொல்காவலை, அங்கே மாறி மலைநாட்டுப் பாதை. கண்டிக்கு மேலே ரயில் ஏற ஏற, எங்கள் பெட்டியில் பேச்சே நின்றுவிட்டது. நானு ஓயா பக்கம் வரும்போது ஒரு அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "அப்படியே நம்ம ஊரு" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

முதல் சில நாள் சுற்றிப் பார்ப்பதுதான் திட்டம். எல்ல என்ற ஊருக்குப் பக்கத்தில் தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலம், 1921-இல் கட்டியது. ஹக்கலைத் தாவரவியல் பூங்கா 1861-இல் மலேரியா மருந்து எடுக்கும் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கியது. அதே காலத்தில்தான் எங்கள் நடுவட்டத்திலும் சிங்கோனா போட்டார்கள். பக்கத்தில் சீதையம்மன் கோயில். நுவரெலியா ஏரியை 1873-இல் கவர்னர் கிரகரி வெட்டினார், ஊட்டி ஏரியை அதற்கு அரை நூற்றாண்டு முன்பு சல்லிவன் வெட்டினார். இரண்டு மலைகளையும் ஒரே மாதிரிக் கண்ணோடு பார்த்து ஒரே மாதிரி மாற்றினார்கள் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். பொழுது ஏறினால் மூடுபனி வந்து உலக முடிவு (வேர்ல்ட்ஸ் எண்ட்) என்ற பள்ளத்தை மூடிவிடும். அந்தப் பாறை விளிம்பிலிருந்து ஏறத்தாழ 870 மீட்டர் செங்குத்து இறக்கம். எனக்கு அதைவிட அந்தப் புல்வெளிதான் முக்கியமாக இருந்தது. சிவப்புப் பூவோடு நின்ற காட்டுப்பூவரசு எங்கள் முக்கூர்த்தியில் நிற்கும் மரத்துக்குத் தங்கை முறை. கொஞ்சம் தள்ளி, மஞ்சள் பூத்த முட்புதர் ஒன்றைக் காட்டி எங்களோடு வந்த வனப் பணியாளர் ஒருவர் நின்றுவிட்டார். யூலெக்ஸ். பிரிட்டிஷ்காரர்கள் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தது. எங்கள் புல்வெளியிலும் இது தொல்லை. அங்கேயும் வனஜீவராசிகள் திணைக்களத்தோடு சேர்ந்து தன்னார்வலர்கள் இதைப் பிடுங்குகிறார்கள். எங்கள் ஆட்களுக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் தேசியப் பூங்காவில் அனுமதி இல்லாமல் எதையும் தொடக்கூடாது. இந்தச் செடியின் விதையும் பல வருடம் மண்ணில் காத்திருக்கும். போகிற போக்கில் நாலு செடியைப் பிடுங்குவது கிளறிவிட்டுப் போவதாக ஆகும். பார்த்துவிட்டு நடந்தோம்.

அப்புறம் தோட்டத்துக்குப் போனோம். அங்கேயும் முதல் நாள் கருவி எதையும் எடுக்கவில்லை. தண்ணீர்க் குழாய் வரும் வழி முழுக்கத் தோட்டத்துப் பையன்களோடு நடந்தோம். மேலே ஒரு பாறை மடிப்பில் ஊற்று. அங்கிருந்து கறுப்புக் குழாய் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஏறி இறங்கி, லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. வழியில் பீலிக்கரையில், அதாவது பொதுக் குழாயடியில், துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் உண்மையான விவரத்தைச் சொன்னார்கள். மழைக்குப் பிறகு தண்ணீர் நின்றுபோகும், சில சமயம் தானாகவே திரும்பி வரும், வரும்போது குழாய் 'புஸ் புஸ்' என்று சத்தம் போடும் என்று. எங்களோடு வந்த ஒரு அண்ணன் பஞ்சாயத்தில் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதைக் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. குழாய் மேடேறி இறங்கும் இடங்களில் காற்று மாட்டிக்கொள்கிறது. ஊற்றுத் தொட்டியில் வண்டல் நிரம்பி, மழையில் சேறு குழாய்க்குள் போகிறது. பெரிய தொட்டி கட்டினால் தீரும் என்றுதான் நாங்கள் நினைத்துப் போயிருந்தோம். புதுத் தொட்டியே தேவைப்படவில்லை.

வேலையை அந்த ஊர் கொத்தனார் நடத்தினார், அங்கே மேசன் பாஸ் என்பார்கள். அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் அங்கே என்ன கூலியோ அதைக் கொடுத்தோம். நாங்கள் கல் சுமந்தோம், மண் அள்ளினோம், கலவை குழைத்துக் கொடுத்தோம். இதில் நான் ரொம்பக் கறாராக இருந்தேன். நாங்கள் சும்மா செய்துகொடுத்தால் அந்த வாரம் அவருக்குக் கூலி போய்விடும். அடுத்த மழையில் குழாய் அடைத்தால் பார்க்கப்போவது அவர்தான். ஊற்றுக்குக் கீழே வண்டல் தங்க ஒரு சின்ன அறை, அதைத் திறந்துவிட ஒரு வால்வு, மேடான இடங்களில் காற்று வெளியேற வால்வு, அவ்வளவுதான். சாமான்களை ஹட்டன் கடைகளிலேயே வாங்கினோம். அனுமதியை அதிபர் முன்பே வலயக் கல்வி அலுவலகத்திலும் தோட்ட நிர்வாகத்திலும் வாங்கியிருந்தார். பள்ளிக்கூடம் அரசுக்குச் சொந்தம், குழாய் போகும் நிலம் கம்பெனி கையில். இரண்டு பக்கமும் கேட்காமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது.

காலை இடைவேளையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் வந்து உட்காருவார்கள். எங்களில் சிலர் கோத்தகிரியில் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு தேயிலை விவசாயிகள். பேச்சு உடனே பச்சைத் தேயிலை விலைக்குப் போய்விடும். "ஒங்க ஊருல கத்திரியாலயா வெட்டுறீங்க? கொழுந்தெல்லாம் முத்தலும் இளசுமா வருமே, பெக்டரியில எடுப்பாங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். எங்கள் ஆளுக்குப் பதில் சொல்ல ரொம்ப நேரம் பிடித்தது. ஆள் கிடைக்காதது, கூலி, தொழிற்சாலை கொடுக்கும் விலை எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் தங்கள் நாள் சம்பளத்தைச் சொன்னார்கள். இலங்கை ரூபாயில் 2021-இல் 1,000, 2024-இல் 1,350, அதற்கும் இத்தனை கிலோ என்ற கணக்கு. யாருக்கு யார் உதவி செய்ய வந்தோம் என்ற நினைப்பே அந்த நேரத்தில் யாருக்கும் இல்லை.

வேலை முடிந்த பிறகு பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மறுபடி நுவரெலியாவுக்கும் ஹக்கலைக்கும் போனோம். இது திட்டத்திலேயே இல்லை. நாங்கள் பார்த்துவிட்டு வந்த இடங்களைப் பற்றிப் பேசியபோது, பிள்ளைகளில் பலர் அங்கெல்லாம் போனதே இல்லை என்று தெரிந்தது. எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. கூடலூர், பந்தலூர் பக்கத்து லைன் வீடுகளில் மலை ரயிலில் ஏறாத பிள்ளைகள் எத்தனையோ பேர். உலகமே வந்து பார்க்கும் இடம், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு பஸ் காசும் ஒரு நாள் கூலியும் இல்லாததால் எட்டாத இடம். அதிபர் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினார், ஆசிரியர்கள் கூட வந்தார்கள். பஸ்ஸில் பிள்ளைகள்தான் எங்களுக்கு வழி காட்டினார்கள். அது சென்கிளேயர் அருவி, இது இன்ன தோட்டம், அந்த மலையில் சிறுத்தை இருக்கிறது என்று. சுற்றுலாவுக்குச் செலவழித்த பணத்தில் எனக்கு மிக நிறைவாக இருந்தது அந்த பஸ் வாடகைதான். அதைச் சேவைக் கணக்கில் எழுதுவதா, சுற்றுலாக் கணக்கில் எழுதுவதா என்று எங்கள் பொருளாளர் கேட்டார். எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள் என்றேன்.

கணக்கு என்றதும் சொல்லிவிடுகிறேன். அவரவர் கப்பல், ரயில், தங்குமிடம், நுழைவுச்சீட்டு எல்லாம் அவரவர் காசு. வேலைக்கென்று திரட்டிய பணம் தனி, அதிலிருந்து எங்கள் டிக்கெட்டுக்கு எதுவும் எடுக்கவில்லை. தங்கியது உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் சின்ன விடுதிகளில். சாப்பாடு சமைத்துக் கொடுத்த லயத்துப் பெண்களுக்கு விலை பேசிக் கொடுத்தோம். குழுவாகப் போகிறவர்கள் விசா விதியையும் படிக்கவேண்டும். இந்தியாவுக்கு வருகிறவர்களுக்குச் சுற்றுலா விசாவிலேயே சம்பளம் இல்லாத தன்னார்வ வேலைக்கு ஒரு மாதம்வரை இடம் இருக்கிறது. எல்லா நாட்டிலும் அப்படி இருக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. அதேபோல இங்கே வரும் வெளிநாட்டுக் குழுக்களுக்கு ஒன்று: கிளம்பும்போது ஒரு கவரில் டாலரை வைத்து உள்ளூர் அமைப்பின் கையில் கொடுக்காதீர்கள். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கவே முடியாது. வாங்கினால் வருடக்கணக்கில் உழைத்தவர்களுக்குத்தான் சிக்கல்.

நாங்கள் எதிர்பார்க்காமல் கையில் வந்து சேர்ந்தது இன்னொரு வேலை. லயத்து வாசலில் உட்கார்ந்து பேசும்போது வயதானவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள். அண்ணன் எழுபத்திரண்டில் போனான், கூடலூர்ப் பக்கம் என்று கடைசிக் கடிதம். சின்னம்மா மகள், புருஷன் பெயர் இது, வேலையாட்களை மேய்த்த கங்காணி பெயர் இது, எந்தத் தோட்டம் என்று தெரியாது. எழுதிக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எங்கள் குழுவில் ஒரு ஆசிரியை தானாகவே நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். மறுநாள் அடுத்த லயத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். திரும்பி வந்ததும் அந்தப் பட்டியலோடு கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி டான்டீ லைன்களில் விசாரித்தோம், இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். சிலர் கிடைத்தார்கள். சிலர் இறந்துபோய்ப் பிள்ளைகள் கிடைத்தார்கள். பலரைப் பற்றி எதுவும் தெரியவில்லை. சேரம்பாடியில் ஒரு பாட்டியை வீடியோ காலில் அவர் தம்பியோடு பேசவைத்தபோது இருவரும் வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம் பாட்டி கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பலாமரம் இருக்கா?" என்பது. தம்பி போனைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தைக் காட்டினார்.

இந்த வேலையை வேறு எந்தக் குழுவும் செய்திருக்க முடியாது. எங்களிடம் பெரிய பணமோ தொழில்நுட்பமோ இல்லை. எங்களிடம் இருந்தது பந்தலூருக்குப் போகும் பஸ்ஸும் அங்கே தெரிந்த ஆட்களும். சுற்றுலா வந்தவர்கள்போல லயத்து வாசலில் வேலை இல்லாமல் உட்கார்ந்து பேசியிருக்காவிட்டால் அந்தப் பெயர்கள் எங்களிடம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். மண்வெட்டியோடு ஓடிக்கொண்டிருக்கும் ஆளிடம் யார் அண்ணனைப் பற்றிப் பேசுவார்கள்?

இப்போது அவர்கள் இங்கே வரப்போகிறார்கள். அதிபர், சில ஆசிரியர்கள், மேசன் பாஸ், பட்டியலில் உறவு கிடைத்த சிலர். அவர்களும் ஏதாவது வேலை செய்தே ஆகவேண்டும் என்கிறார்கள். நாற்றங்கால் அக்காவிடம் சொல்லியாகிவிட்டது. ஆனால் முதலில் ஊட்டி, மலை ரயில், தொட்டபெட்டா, அப்புறம் பந்தலூர்ச் சொந்தங்கள், அதற்குப் பிறகுதான் மண் நிரப்புவது என்று நான் உறுதியாகச் சொல்லிவிட்டேன். மே மாதம் வேண்டாம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் எதையும் பார்க்க முடியாது. 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு வேண்டும். அவர்கள் பள்ளிக்கு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில்தான் விடுமுறை. ஆகஸ்டில் கூடலூர் பக்கம் மழை கொட்டும், டிசம்பரில் கோத்தகிரியில் மழை நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. ஏப்ரல் புத்தாண்டு கழிந்த வாரம் என்று பேசியிருக்கிறோம். மேட்டுப்பாளையம் ரயிலுக்கு முன்பதிவு திறக்கும் நாளிலேயே எடுக்காவிட்டால் இடம் கிடைக்காது. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் பெயர்களையும் வயதையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மேசன் பாஸ் மட்டும் நேற்றே அனுப்பிவிட்டார், ஜன்னல் ஓரம் வேண்டும் என்ற குறிப்போடு.